நெறிக்குழுவின் நான்காவது நாற்காலி

நகரசபைக்கு ஒரு நெறிக்குழு அமைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது தலைவர் சிரித்தார் என்று சொல்வார்கள். நினைவூட்டல் வந்தபோது சிரிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் பயணிகள் நிற்கும் கூரை சரிந்து ஒரு பெண் செத்துப்போயிருந்த நேரம் அது. கூரை போட்ட ஒப்பந்தக்காரர் தலைவருடைய மனைவியின் தம்பி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூட முடியாத வாய்க்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். குழுவைக் கொடுத்தார்கள்.

மூன்று பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தலைவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவரைத் தலைவர் பக்கம் நியமித்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டரை எதிர்த்தரப்பு நியமித்தது. நல்ல மனிதர், ஆனால் ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே எதற்கும் முன்கூட்டியே பயப்படப் பழகியிருந்தார். குழுவுக்குத் தலைமை யார் என்பதில் இரண்டு தரப்பும் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் மாட்டு டாக்டரம்மாவிடம் வந்து நின்றன. ஊரில் அவர்மேல் யாருக்கும் வருத்தமில்லை. மாடு பிழைத்த வீட்டில் நன்றி இருந்தது. மாடு செத்த வீட்டில், டாக்டரம்மா அப்பவே சொன்னாங்களே என்ற நினைப்பு இருந்தது.

தலைவரே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் உள்ளேயிருந்து தங்கை வந்தாள். அக்கா தங்கை இருவரும் ஒரே வீட்டில்தான். தங்கைக்கு ஒரு காது மந்தம், நாக்கு அப்படியில்லை.

"ஒப்புக்குச் சப்பாணியா கூப்பிடறாங்க. நீயும் தலையாட்டிட்டியே."

"சப்பாணிக்கும் கண்ணு தெரியும்டி," என்றார் டாக்டரம்மா.

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குப் பின்னால் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதுவரை எரிந்துபோன தெருவிளக்குகளைப் போட்டு வைத்திருந்த அறை. சுவரெல்லாம் கழுவி வெள்ளையடித்தும் ஒரு கருகல் வாடை மிச்சம் இருந்தது. பழைய கூட்ட மண்டபத்திலிருந்து ஒரு சதுர மேஜையும் நான்கு நாற்காலிகளும் வந்தன.

"மூணு பேர்தானேம்மா நாங்க," என்றார் டிரைவிங் மாஸ்டர், நகரசபைச் செயலாளரிடம்.

"செட்டா வந்துச்சு சார். பிரிச்சா ஒண்ணு தனியா எங்கயாவது கிடந்து சீரழியும். இருக்கட்டும்," என்றாள் செயலாளர்.

கதவில் பலகை மாட்டிய அன்றைக்கே ஊரில் 'நெறிக்குழு' நரிக்குழு ஆகிவிட்டது. தேநீர்க் கடையில், "நரிக்கு எத்தனை மணிக்கு கூட்டம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் விதிகளை எழுத வேண்டியிருந்தது. பரிசு வாங்குவது, நகரசபை வண்டியைச் சொந்த வேலைக்கு எடுப்பது எல்லாம் சுலபமாக முடிந்தன. சிக்கல், தொடர்பு பற்றிய விதியில்தான் வந்தது. ஒரு விஷயத்தோடு தனக்குத் தொடர்பு இருக்கிறவர், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பேச்சு முடியும்வரை அறையை விட்டு வெளியே போக வேண்டும். ஆனால் எதைத் தொடர்பு என்பது?

"உறவுன்னா எதுவரைக்கும்? பெத்தவங்க, கூடப் பிறந்தவங்க சரி. மச்சானோட மச்சான் வரைக்கும் போகணுமா?" என்றார் தலைமையாசிரியர். "அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். கூட்டத்துல நாற்காலிங்கதான் மிஞ்சும்."

"கொண்டான் கொடுத்தான் வரைக்கும் எழுதுவோம்," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் நட்பு, பகை. அதுக்கு அப்புறம் 'வேறு எந்தத் தொடர்பாயினும்'னு போடுங்க மாஸ்டர்."

டிரைவிங் மாஸ்டர் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு சதுர வெளிச்சம் மேஜைமேல் கிடந்தது. வாசிப்பு முடிந்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

நான்காவது நாற்காலியில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள்.

கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மடியில் ஒரு துணி. உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். கடையில் விளிம்பு மடிக்கும்போது அவள் எப்போதும் அப்படித்தான் இருப்பாள். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் தலையசைப்புதான் பதில். பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. டாக்டரம்மா தொழுவத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டுகளை வருஷக்கணக்காக அவள்தான் தைத்தாள். மழைக்கு ஒதுங்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது என்று எத்தனையோ சாயங்காலங்கள் அந்தக் கடை வாசலில் போயிருக்கின்றன. பேச்சு பெரும்பாலும் ஒன்றுமில்லாத பேச்சு. கூரை விழுந்தபோது அவள் பித்தான் வாங்கக் கடையை விட்டு வெளியே வந்து கூரையின்கீழ் நடந்திருக்கிறாள். அடக்கத்துக்கு டாக்டரம்மாவும் போனார்.

"சரியா இருக்கா டாக்டரம்மா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு," என்றார் அவர். எதைக் கேட்டார், எதற்குப் பதில் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் எவரையும் உற்றுப் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கிடந்த வெளிச்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. புதுத்துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை மட்டும் அந்தக் கருகல் வாடைக்கு மேலாகச் சற்று நேரம் நின்றது.

டாக்டரம்மா பேய் பிசாசு என்று கேட்டால் எழுந்து போய்விடுகிற ஆள். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டவருக்கு இந்த உலகத்தின் உள்விவகாரம் போதுமான அளவு தெரியும். கண்ணைப் பரிசோதித்துக்கொண்டார். ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அடுத்த கூட்டத்துக்கும் அவள் வந்தாள். அதற்கடுத்ததற்கும்.

மற்ற இருவருக்கும் ஏதாவது தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் டிரைவிங் மாஸ்டர் தன் பையை அந்த நாற்காலியில் வைப்பதை விட்டுவிட்டுத் தரையில் வைக்க ஆரம்பித்தார். தலைமையாசிரியர் தன் இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி டாக்டரம்மாவின் முழங்கை இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கேட்டால், அந்தப் பக்கம் காற்று சரியில்லை என்றார். காற்றாடியே அந்தப் பக்கம்தான் இருந்தது.

ஒருநாள் தங்கையிடம் சொன்னார்.

தங்கை கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் நல்ல காதைத் திருப்பி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "பயமா இருக்கா?"

"பயம் இல்லடி. கூச்சமா இருக்கு. வீட்டுக்கு ஒருத்தர் வந்து உக்காந்திருக்காங்க, நான் வான்னு ஒரு வார்த்தை சொல்லாம என் வேலையைப் பார்த்துட்டிருக்கேன். அந்த மாதிரி."

"சொல்லேன்."

"ரெண்டு ஆம்பளைங்க உக்காந்திருக்காங்க. நான் காலி நாற்காலியப் பார்த்து வாம்மான்னா?"

விதிகளை நகரசபை ஏற்றுக்கொண்டது. தலைவரே கையைத் தூக்கி ஆதரித்தார். முன்னால் நடந்ததை இந்த விதி கேட்காது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் புகார் எப்போது நடந்ததைப் பற்றியும் இருக்கலாம் என்று டாக்டரம்மா ஒரு வரி சேர்த்திருந்தார். விதிகளை யாரும் அந்த வரிவரை படிக்கவில்லை.

முதல் புகார் தையல்காரியின் கணவரிடமிருந்து வந்தது.

அவர் லாரி டிரைவர். கூரை விழுந்த அன்று எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அறைக்குள் வந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இரண்டு கையாலும் தொப்பியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"நஷ்டஈடு அது இதுன்னு எனக்கு ஒண்ணும் வேணாம் டாக்டரம்மா. அந்த வேலையை மச்சானுக்குக் குடுத்த கூட்டத்துல தலைவர் எழுந்து வெளிய போனாரா, இல்ல உள்ளயே உக்காந்திருந்தாரா? உக்காந்திருந்தா ஏன் உக்காந்திருந்தாரு? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அவர் நின்ற இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அவருடைய மனைவி நாற்காலியில் இருந்தாள். இவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளும் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விசாரிப்போம் தம்பி," என்று மட்டும் சொன்னார் டாக்டரம்மா.

அன்றிரவு சாப்பிடும்போது தங்கைதான் பேச்சை எடுத்தாள்.

"நீ எழுந்துக்கப் போற. அதானே?"

"ஆமா."

"நீ எழுந்துட்டா வாத்தியார் ஊத்தி மூடிடுவார். மாஸ்டர் வாயே திறக்கமாட்டார். அந்த மனுஷன் தொப்பியத் திருகிட்டே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அந்த ஆள் எழுந்து போகலைங்கறதுதான்டி புகாரே. அதை விசாரிக்க நானும் எழுந்திரிக்காம உக்காந்தா, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் மச்சானுக்காக உக்காந்தார், நான் இவளுக்காக உக்காருவேன்."

தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீ சொல்றது சரிதான். சரியா இருக்கிறதுதான் எரிச்சலா இருக்கு."

விசாரணை நாளில் அறை கொள்ளவில்லை. நடைவழியிலும் ஆட்கள் நின்றார்கள். தலைவர் வெள்ளைச் சட்டையில், கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மச்சான். கட்டுமஸ்தான மனிதர், கூரை விழுந்த பிறகு உடம்பு கரைந்து சட்டை தோளில் தொங்கியது. நாற்காலி பற்றாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அப்படியும் மேஜையின் நான்காவது நாற்காலியை எவரும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா தொடர்பு விதியை வாசித்தார். பிறகு வழக்கப்படி கேட்டார்: "குழுவில யாருக்காவது இந்த விஷயத்தோட தொடர்பு இருக்கா?"

"எனக்கு இல்லை," என்றார் தலைமையாசிரியர் அவசரமாக. டிரைவிங் மாஸ்டரும் இல்லையென்று தலையசைத்தார்.

"எனக்கு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "இறந்துபோனவங்க எனக்குப் பழக்கம்."

மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. இவர் போய்விட்டால் தலைமையாசிரியரோடு தான் தனியாக மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். "என்ன டாக்டரம்மா இது. துணி தைக்கக் குடுத்ததெல்லாம் ஒரு தொடர்பா? ஊர்ல பாதிப்பேர் குடுத்திருக்காங்க. அதுவும் போக, அந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்தாச்சு. தொடர்பு அதோட முடிஞ்சுபோச்சு. உக்காருங்க, தயவுசெஞ்சு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பழக்கம் என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தால் அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் மாஸ்டர் முடிந்துபோச்சு என்று சொல்லிவிட்டார். அது உண்மையில்லை என்று தெரிந்துகொண்டு டாக்டரம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"முடியல மாஸ்டர்," என்றார். "அவ இங்க வர்றா. விதி எழுதின நாள்லேர்ந்து வர்றா. இந்த நாற்காலியில உக்காந்திருக்கா. தொடர்பு எதுவா இருந்தாலும் சொல்லணும்னு எழுதினது நான். அதனால சொல்றேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்க ஆரம்பித்து, கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். தலைவர் பெருமூச்சு விட்டார். "டாக்டரம்மாவுக்கு ஓய்வு வேணும்னு நினைக்கிறேன்," என்றார் மிகவும் கனிவாக. "வயசு யாரையும் விடாது."

"இருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. எழுந்தார். கதவுவரை போவதற்குள் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா அச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒதுங்கல். கதவருகே திரும்பிப் பார்த்தபோது தையல்காரி முதல்முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. எதிரே, தலைவரின் மச்சானைப் பார்த்தாள். அந்த மனிதர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைவழி பெஞ்சில் டாக்டரம்மா உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தலைமையாசிரியரின் குரல் நிதானமாக ஓடியது; நடுநடுவே தலைவர். எல்லாம் ஊத்தி மூடும் ஓசைதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். எதிரே பிறப்பு இறப்புப் பிரிவு ஜன்னலில் ஒரு புதுத் தகப்பன் பிள்ளைக்குப் பெயர் எழுத வந்து, எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளே நாற்காலி கரகரவென்று இழுபட்டது. ஒரு புதிய குரல் பேசியது. பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை. வேறு யாரும் குறுக்கிடவில்லை. வெகுநேரம் அந்த ஒரு குரல்தான்.

பிறகு கதவு திறந்து தலைவரின் மச்சான் வெளியே வந்தார். நேராக வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சொல்லிட்டேன்," என்றார். "இரும்பு குறைச்சலாப் போட்டதையும் சொல்லிட்டேன். அன்னைக்கு அத்தான் எழுந்திரிக்கத்தான் பார்த்தார். நான்தான், நீங்க உள்ளயே இருங்க, நீங்க இருந்தா எவனும் வாயத் திறக்கமாட்டான்னேன். உக்காந்துட்டார்."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட பேசுமா அது?" என்று கேட்டார் அவர், குரலைத் தாழ்த்தி.

அது என்றது டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பேசமாட்டா. வாயில குண்டூசி வெச்சிருக்கா."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். "எங்கிட்ட வர்றப்போ ஊசி இல்ல."

டாக்டரம்மாவுக்கு இத்தனை நாள் அந்த அறையில் வராத பயம் அந்தப் பட்டப்பகல் நடைவழியில் வந்தது.

"என்ன சொல்றா?"

"'அளவு பத்தாது அண்ணே.' அது ஒண்ணுதான். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சாப்பிட உக்காரும்போது. கடைக்குத் துணி கொண்டு வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி, அவ்வளவு மரியாதையா. திட்டினா தாங்கிக்குவேன் டாக்டரம்மா. சாபம் விட்டாக்கூடத் தாங்கிக்குவேன். அண்ணேன்னு கூப்பிடறதைத்தான் தாங்க முடியல."

கதவு இன்னும் திறந்தே இருந்தது. அதன் நிலையில் லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

குழுவின் முடிவை எழுதியது டிரைவிங் மாஸ்டர். உறவினருக்கு ஒப்பந்தம் கொடுத்த கூட்டத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தது குற்றம்; உட்கார்ந்ததற்குக் காரணம் மற்றவர்கள் வாயை அடைப்பது; இரும்பு விஷயம் காவல்துறைக்குப் போக வேண்டியது. அவ்வளவு பேர் முன்னால் மச்சானே சொன்னதை மறுக்க வழியில்லாமல் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டார். பேனாவைப் பிடித்த கையை மட்டும் பார்த்துக்கொண்டு, நான்காவது நாற்காலி இருந்த வலப்பக்கம் திரும்பாமலே இட்டாராம். தலைவர் உடல்நலக் காரணம் சொல்லிப் பதவி விலகினார். மச்சான் மீது வழக்கு நடந்தது. நரிக்குழு என்று சொல்வதை ஊர் நிறுத்தவில்லை, ஆனால் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டது.

நியாயம் கிடைத்துவிட்டது, இனி அந்தப் பெண்ணின் ஆன்மா அடங்கிவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டாக்டரம்மாவும் அப்படித்தான் நம்பினார். அடுத்த கூட்டத்துக்கும் அவள் வந்தாள். நகரசபை லாரியைத் தன் வீட்டு மண் அள்ள எடுத்த உறுப்பினர் ஒருவரைப் பற்றிய புகார் அது. அவளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வந்தாள், ஊசிகளைக் கவ்வியபடி ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் கூரையின் மிச்சத்தையும் அவளுடைய கடையையும் சேர்த்து இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். வேறு எங்கே போவாள் என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. நியாயம் கேட்டுத்தான் வந்தாளா, சும்மா உட்கார ஓர் இடம் தேடி வந்தாளா என்பதும் அதற்குப் பிறகு அவருக்கு நிச்சயமில்லாமல் போனது.

ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நாள், லாரி டிரைவர் வந்தார். நடைவழியில் தயங்கித் தயங்கி நின்றார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணு கேக்கணும். நீங்க தப்பா நினைக்கக்கூடாது." தொப்பி மறுபடி கைக்கு வந்துவிட்டது. "உங்ககிட்ட வர்றா. சரி, பழக்கம். அந்த ஆள்கிட்டகூட போய் பேசியிருக்கா. அண்ணேன்னு கூப்பிட்டிருக்கா. எங்கிட்ட வரல டாக்டரம்மா. வீட்ல விளக்கை அணைக்காம வெச்சுப் பார்த்தேன், அணைச்சும் பார்த்தேன். மெஷினை அவ வெச்ச இடத்துலயே வெச்சிருக்கேன். ஒருநாள்கூட வரல."

டாக்டரம்மா சாவியை எடுத்தார்.

"கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துக்கட்டுமா? நீங்க கூட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

கதவைத் திறந்தார். அறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. மேஜை துடைத்துக் கிடந்தது. புதுத்துணி வாசனை இல்லை, எண்ணெய் வாசனை இல்லை. கருகல் வாடைகூட அன்று இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான்கு நாற்காலிகளும் காலி.

"எங்க உக்காந்திருக்கா?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

டாக்டரம்மா ஜன்னலோரம் இருந்த நான்காவது நாற்காலியைக் காட்டினார். "அங்கதான். ஓரம் மடிச்சுட்டிருக்கா."

"குண்டூசி?"

"வெச்சிருக்கா. பேசமாட்டா. நீங்க பேசுங்க."

அவர் பக்கத்து நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்து உட்கார்ந்தார். தொப்பியை மேஜைமேல் வைத்தார். பிறகு, வண்டிக்கு முன் டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போனதைச் சொன்னார். மெஷினுக்கு எண்ணெய் எந்தத் துளையில் விடுவது என்று தெரியாமல் எல்லாத் துளையிலும் விட்டுவைத்திருப்பதாகச் சொன்னார்.

டாக்டரம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார். யாரும் திறந்துவிடாதபடி, பிடியில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.